ஒரு தேதியும் பல நாட்களும்

முன்னுரை

ஆண்டுதோறும் ஒரு தேதி வரும்பொழுது, அத்தேதியிற் பிறந்த பெரியோரையும் அத்தேதியில் நிகழ்ந்த வரலாற்று நிகழ்ச்சிகளையும் ஒருங்கு தொகுத்துரைக்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. செய்தித்தாள்களில் தொடங்கிய இவ்வழக்கம் ஆய்வேடுகளிலும் இடம்பெறத் தலைப்பட்டுள்ளது. புலவர் ஒருவரது வரலாற்றைக் கூறப் புகும் மாணவர், அவர் பிறந்த அதே நாளில் உலகிற் பிறந்த பேரறிஞர் இன்னார் எனத் தொடங்குவர். அதனின்றும் இருவர்க்கும் இயைபு காணவும் முயல்வர். படிப்போர்க்கு இஃது இன்பம் தருவதே. ஆயினும் ‘அதே நாள்’ என்னும் தொடர் உண்மையாகுமா என்று ஆராய்வார் சிலரே. இவ்வாராய்ச்சிக்குப் பிப்ரவரி 19 என்னும் தேதியை ஈண்டு எடுத்துக்கொள்வோம். தமிழ்த்தாத்தா எனப் போற்றப்பெறும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பிறந்த தேதி அது. வானநூல் வல்லுநர் கோப்பர்நிக்கஸ், மராட்டிய மன்னர் சிவாஜி ஆகியோர் பிறந்ததும், உருசிய நாட்டில் பண்ணையடிமைகள் விடுதலை பெற்றதும், கோபால கிருஷ்ண கோகலே மறைந்ததும் அத்தேதியிலேயே எனத் தொகுப்புக்கள் கூறும்.

நாளும் திதியும் தேதியும்

முதற்கண் சொற்களைத் தெளிந்துகொள்வோம். தமிழில் நாள் என்னுஞ் சொல் பகலும் இரவும் கூடிய பொழுதை மட்டும் குறிப்பதன்று, விண்மீனையும் குறிக்கும். நாண்மீன் என்னும் வழக்கும், நாளும் கோளும் என்னும் இணைமொழியும் இதற்குச் சான்றாம். அரசன் பிறந்த நாளில் நிகழும் மங்கலத்தைத் தொல்காப்பியம் பாடாண் திணையின் ஒரு துறையாகக் கூறுகின்றது. முதலாம் இராசராசன் பிறந்த ஆண்டு இன்னதெனத் துணிய இயலவில்லை. ஆயினும் அவன் பிறந்த விண்மீன் சதயம் என்பது கல்வெட்டுக்களால் விளங்கும். இன்றும் தஞ்சையில் ஐப்பசிச் சதயத்தன்றே அவனுக்கு விழா எடுக்கின்றனர். அவ்விழா ஆண்டுதோறும் வெவ்வேறு ஆங்கிலத் தேதியில் வருகின்றது. அதனால் எவர்க்கும் மயக்கம் உண்டாவதில்லை.

திதி என்பது திங்களின் வளர்தலையும் தேய்தலையும் பற்றிய கணக்கு. அச்சொல்லினின்றே தேதி என்னும் சொல் தோன்றியது. ஆனால் இன்று நாம் தேதி என்று வழங்குவது திங்களொடு தொடர்பற்றது. ஆங்கில மாதத்தின் அல்லது தமிழ்ச் சௌர மாதத்தின் எண்ணையே அது குறிக்கின்றது. ஆகவே நாள் என்பது காலத்தில் ஓரிடம். தேதி என்பது அவ்விடத்திற்கு ஒரு கணக்கு முறை இட்ட பெயர். ஒருவர்க்கே இருபெயர் அமைதலும், இருவர்க்கு ஒரு பெயர் அமைதலும் உலகியல். தேதிகளும் அத்தகையனவே.

ஐரோப்பியரின் இருவகைக் கணக்கு

சூலியசு சீசர் வகுத்த நாட்காட்டி, ஆண்டின் அளவை 365¼ நாள் எனக் கொண்டது. உண்மை அளவினும் இது சிறிதே மிகுந்தது. அச்சிறு மிகுதி நூற்றாண்டுதோறும் சேர்ந்து, பதினாறாம் நூற்றாண்டில் 10 நாள் வேறுபாடாக முதிர்ந்தது. போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரெகோரி 1582ஆம் ஆண்டில் இதனைத் திருத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாள் 15ஆம் தேதி எனக் கொள்ளப்பட்டது. கத்தோலிக்க நாடுகள் இதனை விரைந்து மேற்கொண்டன. இங்கிலாந்து 1752இலும், உருசியா 1918இலுமே இதனை ஏற்றன. இதற்கு இடைப்பட்ட காலமெல்லாம் ஐரோப்பாவில் ஒரே நாளுக்கு இரு தேதிகள் வழங்கின.

இங்கிலாந்தில் மற்றுமொரு வேறுபாடும் இருந்தது. 1752க்கு முன்னர் அங்கே சட்டமுறை ஆண்டு மார்ச்சு 25ஆம் தேதி தொடங்கிற்று. ஆகவே அக்கால ஆங்கில ஆவணத்தில் 1700 பிப்ரவரி 19 எனக் காண்பது, நாம் 1701 என எண்ணும் ஆண்டைச் சார்ந்ததாகும். பிப்ரவரித் தேதிகளை ஆள்வோர் இதனை மறத்தல் கூடாது.

கோப்பர்நிக்கஸ்

இவர் 1473 பிப்ரவரி 19ஆம் தேதி தோருன் நகரிற் பிறந்தார். இத்தேதி பழைய சூலியன் கணக்கைச் சார்ந்தது. அன்றைக்கு வேறு கணக்கு ஐரோப்பாவில் இல்லை. கிரெகோரியன் கணக்கைப் பின்னோக்கிச் செலுத்தினால், அக்காலத்து வேறுபாடு 9 நாள் ஆதலின், அது பிப்ரவரி 28 ஆகும்.

நாட்காட்டித் திருத்தத்தில் இவ்வறிஞர்க்கும் தொடர்புண்டு. 1543இல் வெளிவந்த தம் பெருநூலைப் போப்பாண்டவர் மூன்றாம் பாலுக்கு உரிமையாக்கிய முன்னுரையில், திருச்சபை நாட்காட்டியைத் திருத்த முயன்று முடியாமற் போனதை இவர் குறிப்பிடுகின்றார். ஞாயிறு திங்கள் இவற்றின் இயக்க அளவைகள் செம்மையாக அறியப்படாமையே அதற்குக் காரணம் என்பது இவர் கருத்து. இவரது நூலைத் தழுவி இரெயின்ஹோல்டு 1551இல் அமைத்த வாய்பாடுகள் பின்னர் நிகழ்ந்த திருத்தத்தின்போது கருத்திற் கொள்ளப்பட்டன. நாட்காட்டியின் பிழையை நன்கு உணர்ந்திருந்த ஒருவரது பிறந்த நாளை நாம் இன்றும் அப்பிழைபட்ட நாட்காட்டியின்படியே கொண்டாடி வருகின்றோம்.

சிவாஜி

சிவாஜி பிறந்த நாள் பற்றி நெடுங்காலம் கருத்து வேறுபாடு நிலவியது. 1627ஆம் ஆண்டே என்பார் ஒரு சாரார். ஜேதே குடும்பத்தாரின் காலவரிசைக் குறிப்பு, சக ஆண்டு 1551, சுக்கில வருடம், பங்குனித் தேய்பிறைத் திரிதியை, வெள்ளிக்கிழமை எனக் கூறுகின்றது. இக்குறிப்பு பாலகங்காதர திலகரால் அறிஞர் உலகின் கவனத்திற்கு வந்தது. இதன்வழிப் பெறப்படுவதே 1630 பிப்ரவரி 19 என்பது.

இத்தேதி எக்கணக்கைச் சார்ந்தது? கிழமையே இதற்கு உரைகல். மாதமும் தேதியும் கணக்கிற்குக் கணக்கு மாறினும், ஏழு கிழமைகளின் சுழற்சி எந்தத் திருத்தத்தாலும் அறுபடவில்லை. சூலியன் கணக்கில் 1630 பிப்ரவரி 19 வெள்ளிக்கிழமை. கிரெகோரியன் கணக்கில் அது செவ்வாய்க்கிழமை. மூலக்குறிப்பு வெள்ளி என்றே கூறுதலின், இத்தேதி சூலியன் கணக்கினது என்பது ஒருதலை. கிரெகோரியன் கணக்கில் அந்நாள் மார்ச்சு 1 ஆகும்.

1630இல் மேலைக் கடற்கரையில் இருந்த ஐரோப்பியர் இந்நாளை எவ்வாறு குறித்திருப்பர் என எண்ணிப் பார்த்தல் பயனுடைத்து. கோவாவில் இருந்த போர்த்துகீசியர்க்கு அது 1630 மார்ச்சு 1. சூரத்தில் இருந்த ஆங்கில வணிகர்க்கு அது 1629 பிப்ரவரி 19. சிவனேரிக் கோட்டையில் பிள்ளையின் பிறப்பைக் குறித்தோர்க்கோ அது பங்குனித் தேய்பிறைத் திரிதியை. நாள் ஒன்றே; பெயர் மூன்று. இன்று மகாராட்டிரத்தில் அரசு விழா பிப்ரவரி 19ஆம் தேதி நிகழ்கின்றது. திதியைப் பின்பற்றி விழாக் கொள்வாரும் உளர். அவர்தம் வழக்கு மூலச்சான்றொடு பொருந்துவதே.

உருசிய நாட்டு விடுதலை ஆணை

உருசியப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் 2 கோடிக்கு மேற்பட்ட பண்ணையடிமைகளை விடுவித்த ஆணையில் 1861 பிப்ரவரி 19ஆம் தேதி கையெழுத்திட்டார். உருசியர் அன்று சூலியன் கணக்கினர். வேறுபாடு 12 நாள். ஆதலின் நம் கணக்கில் அது 1861 மார்ச்சு 3 ஆகும்.

இங்கே கருதத்தக்கது வேறொன்றும் உண்டு. அத்தேதி தற்செயலாக அமைந்ததன்று. அப்பேரரசர் அரியணை ஏறிய நாளாக உருசியர் கொண்டாடியது பிப்ரவரி 19ஆகும். ஆட்சியின் ஆறாண்டு நிறைவு நோக்கியே அந்நாள் ஆணைக்கு உரியதாயிற்று. அரியணை ஏறிய ஆண்டோ 1855. உ. வே. சா. பிறந்ததும் 1855 பிப்ரவரி 19. ஆண்டும் மாதமும் தேதியும் ஒத்திருத்தலைக் கண்டு, தமிழ்த்தாத்தா பிறந்த அன்றே உருசியாவில் புதிய ஆட்சி மலர்ந்தது என ஒருவர் எழுதக்கூடும். எழுத்திற் பிழை தோன்றாது. நாளில் 12 பிழை உண்டு. உருசியாவில் ஆட்சி மாறியபொழுது சாமிநாதையர் பன்னிரண்டு நாள் குழவி.

உ. வே. சா.வும் கோகலேயும்

உ. வே. சா. தம் பிறப்பினைத் தம் வரலாற்று நூலிலேயே தெளிவாகக் குறித்துள்ளார். உத்தமதானபுரம் அவர்தம் குடும்ப ஊர். பிறந்த இடம் தாய்வழிப் பாட்டனார் ஊராகிய சூரியமூலை. ஆனந்த வருடம் மாசி மாதம் 9ஆம் தேதி, திங்கட்கிழமை என்பது அவர் தரும் குறிப்பு. 1855 பிப்ரவரி 19 கிரெகோரியன் கணக்கில் திங்கட்கிழமையே. தமிழ் மாதமும் ஆங்கிலத் தேதியும் கிழமையும் ஒன்றையொன்று தாங்கி நிற்றலின் இத்தேதியில் ஐயத்திற்கு இடமில்லை.

எனினும் இவ்விரு பெயர்களும் ஒன்றாகவே நிலைத்தில. தமிழ் ஆண்டு விண்மீன் நெறியைப் பற்றியது. கிரெகோரியன் ஆண்டு பருவ நெறியைப் பற்றியது. முன்னது சிறிது நீண்டது. ஏறக்குறைய அறுபது ஆண்டிற்கு ஒரு நாள் இடைவெளி உண்டாகும். இக்காலத்தில் மாசி 9 பெரும்பாலும் பிப்ரவரி 21இல் வருகின்றது. ஆகவே பிப்ரவரி 19இல் விழாக் கொள்வோரும் மாசி 9இல் விழாக் கொள்வோரும் வெவ்வேறு நாட்களில் ஒருவரையே போற்றுவோராவர்.

கோகலே 1915 பிப்ரவரி 19ஆம் தேதி மறைந்தார். அன்று ஆங்கிலக் கணக்கின்படி உ. வே. சா.வுக்கு அறுபது ஆண்டு நிறைந்தது. இருதேதியும் ஒரே கணக்கின ஆதலின் இவ்வொற்றுமை மெய்யே. ஆயின் அறுபதாண்டுச் சுற்றில் மீண்டும் வந்த அந்த ஆனந்த வருடத்து மாசி 9, பிப்ரவரி 19ஐக் கடந்தே வந்தது. கணக்கை மாற்றிய அளவில் மெய்யான ஒற்றுமையும் விலகிப் போதலைக் காண்க.

தமிழ்நாட்டு ஆவணங்கள்

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே சான்றுண்டு. 1746இல் லபூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைக் கைக்கொண்டனர். ஆங்கிலேயர் கணக்கில் அது செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. அக்கால நிகழ்ச்சிகளை அறியப் பெருந்துணையாக விளங்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு புதுச்சேரியில் எழுந்தது. பிள்ளையவர்கள் தமிழ் ஆண்டையும் மாதத்தையும் கிழமையையும் ஐரோப்பியத் தேதியோடு சேர்த்தெழுதினார். அந்நாட்குறிப்பையும் சென்னை ஆங்கில ஆவணங்களையும் ஒப்பிடுவோர், 1752க்கு முற்பட்ட பகுதியில் 11 நாள் வேறுபாட்டைக் கருதாவிடின், ஒரு நிகழ்ச்சியை இரண்டாகவும், வெவ்வேறு நிகழ்ச்சிகளை ஒன்றாகவும் கொள்ள நேரும். முன்பின் மாறினால் காரணமும் காரியமும் மாறும்.

கல்வெட்டுக் காலங்களைக் கணிக்க எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட காலக்கணித நூல் கி.பி. 700 முதல் 1799 வரை உள்ள காலத்திற்கு அமைந்தது. திதி, விண்மீன், கிழமை ஆகியவற்றை ஒருங்கு வைத்துச் சரிபார்க்கும் நெறியை அது நமக்கு எளிதாக்கிற்று. அந்நெறியையே ஆங்கிலத் தேதிகளிடத்தும் நாம் கையாளுதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் தேதி ஒற்றுமை மூவகைப்படும் எனலாம். பெயரளவில் மட்டும் ஒத்தல் ஒன்று. கோப்பர்நிக்கஸும் சிவாஜியும் உ. வே. சா.வும் பிப்ரவரி 19ஐப் பகிர்தல் இவ்வகையது. 1616 ஏப்பிரல் 23இல் ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் மறைந்தனர் என்னும் கூற்றும் இதன்பாற்படும். இங்கிலாந்தின் ஏப்பிரல் 23 இசுபெயினின் மே 3 அன்றோ? ஒரே கணக்கில் தற்செயலாக ஒத்தல் இரண்டாவது. 1809 பிப்ரவரி 12இல் டார்வினும் லிங்கனும் பிறந்தது இத்தகையது. மக்கள் கருதி ஒப்பித்தல் மூன்றாவது. 1861ஆம் ஆண்டு ஆணை இதற்கு எடுத்துக்காட்டு.

இம்மூன்றனுள் வரலாற்றுப் பொருள் உடையது மூன்றாவதே. அங்கே தேதியைத் தேர்ந்த ஒரு மனம் உண்டு, அம்மனத்தை ஆராயலாம். இரண்டாவது மெய்யாயினும் எதனையும் நிறுவாது. 23 பேர் கூடிய அவையில் இருவரது பிறந்த தேதி ஒன்றாதற்குப் பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பு உண்டு எனக் கணிதம் கூறும்பொழுது, உலகப் பெரியோர் எல்லாருள்ளும் ஒற்றுமை காண்டல் வியப்பாகாது. முதலாவதோ ஒற்றுமையே அன்று.

ஆகவே ஆய்வு செய்யும் மாணவர் ஒரு தேதியைக் காணுந்தோறும் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று: இஃது எக்கணக்கினது? எச்சான்றால் பெறப்பட்டது? கிழமை பொருந்துகின்றதா? இவற்றிற்கு விடை கண்ட பின்னரே ‘அதே நாள்’ என எழுதத் துணிதல் வேண்டும்.

கபிலரும் பரணரும் இளங்கோவும் என்று பிறந்தனர் என்பதை நாம் அறியோம். அவர்தம் நூல்களை ஏட்டுச் சுவடிகளினின்றும் மீட்டு, 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றித் தந்தவர், தம் பிறப்பை மட்டும் ஆண்டு, மாதம், தேதி, கிழமை எல்லாம் குறித்து வைத்துச் சென்றார். சுவடிகளில் ஆண்டும் நாளும் காணாது பல்லாண்டு உழன்றவர்க்கு அவற்றின் அருமை தெரிந்திருக்கும். அவர் பிறந்த நாளுக்குப் பெருமை சேர்க்கக் கோப்பர்நிக்கஸைத் துணைக்கு அழைக்க வேண்டுவதில்லை. அவர் குறித்த திங்கட்கிழமையே போதும்.