ஏழைகளின் பெயரில் போட்ட கையெழுத்து: பச்சைமலையிலிருந்து ஒரு வாசிப்பு

2016 அக்டோபர் 2 அன்று இந்திய அரசு பாரிஸ் காலநிலை உடன்படிக்கைக்கான தன் ஒப்புதலை ஐ.நா.விடம் ஒப்படைத்தது. காந்தி பிறந்தநாள் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த நாள் அது. தமிழ்நாட்டில் அது கிராம சபை நாளும்கூட. அந்தப் பொருத்தம் டெல்லியில் யாருக்கும் தோன்றியிருக்காது. அதற்கு முந்தைய ஆண்டு அனுப்பிய உறுதிமொழிகளில் ஒன்று இப்படி இருந்தது: 2030க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவுக்கு ஈடானதைக் காடுகளிலும் மரங்களிலும் சேர்த்துவைப்போம்.

இந்தக் கோடி டன்கள் எங்கே நிற்கப்போகின்றன? டன் கணக்கில் பேசும்போது காடு ஆளில்லாத இடமாகத் தெரியும். துறையூரிலிருந்து மேலே ஏறினால் வரும் பச்சைமலை அப்படிப்பட்ட இடம் அல்ல. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. திருச்சி, பெரம்பலூர், சேலம் என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் மரவள்ளியும் சாமையும் முந்திரியும் வைத்துப் பிழைக்கிறார்கள். (கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. பட்டியல் பழங்குடிச் சான்றிதழ் கேட்டுப் போகும் பிள்ளைகள் இந்த விளக்கத்தைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர்கள்.) மலையடிவாரத்தில் நம் சேரிகள் இருக்கின்றன. விறகு, புளி, மேய்ச்சல், கூலி என்று அவர்களின் வாழ்க்கையும் அந்த மலையோடு கட்டப்பட்டது. உலகம் காற்றைப் பற்றிப் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்களின் வரலாற்றை இந்த மலையில் நின்று படித்தால் என்ன தெரிகிறது என்பதே நம் கேள்வி.

"சாதி ஒழிப்பு இருக்கும்போது காலநிலை நமக்கு எதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. சுற்றுச்சூழல் வரலாற்றை 1972இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டிலிருந்து தொடங்குவது பாடப்புத்தக வழக்கம். நமக்கு அது 1927 மார்ச்சில், மகத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் கை நனைத்தபோதே தொடங்கிவிட்டது. தண்ணீர் யாருக்கு, நிலம் யாருக்கு, காற்று யாருக்கு என்பதுதான் இரண்டிலும் கேள்வி.

ஸ்டாக்ஹோம் மாநாட்டில் வெளிநாட்டிலிருந்து நேரில் வந்து பேசிய ஒரே பிரதமர் இந்திரா காந்தி. வறுமையை ஒழிக்காமல் சூழலைக் காக்க முடியாது என்பது அவர் பேச்சின் சாரம். மூன்றாம் உலகமே கைதட்டியது. அதே 1972இல் இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973இல் புலிகள் திட்டம். 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம். 1882ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டம் காட்டைக் காப்புக்காடு என்று எல்லை கட்டி, அதில் வாழ்ந்தவர்களை அத்துமீறியவர்களாக மாற்றியது. சுதந்திர இந்தியா அந்த எல்லைக் கற்களைப் பிடுங்கவில்லை, அவற்றின் மேல் பச்சை வண்ணம் பூசியது. மேடையில் ஏழையின் பெயர், காட்டில் ஏழை வெளியே. 1976இல் டெல்லி துர்க்மான் கேட்டில் குடிசைகளை இடித்த புல்டோசரும் அதே பிரதமரின் ஆட்சியில் ஓடியதுதான்.

அடுத்த கட்டம் இன்னும் சுவையானது. 1990இல் அமெரிக்காவின் உலக வள நிறுவனம் எந்த நாடு எவ்வளவு வாயு வெளியிடுகிறது என்று ஒரு பட்டியல் போட்டது. நெல் வயலில் இருந்தும் மாட்டின் வயிற்றில் இருந்தும் வரும் மீத்தேனையும் சேர்த்துக் கணக்குப் போட்டு இந்தியாவை ஐந்தாவது இடத்தில் வைத்தது. 1991இல் டெல்லியின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதற்கு மறுப்பாக ஒரு சிறுநூல் எழுதினார்கள். ஏழை உயிர்வாழ வெளியிடும் வாயுவும் பணக்காரன் சொகுசுக்காக வெளியிடும் வாயுவும் ஒன்றல்ல. காற்றுமண்டலத்தில் எல்லா மனிதருக்கும் சம பங்கு உண்டு என்றார்கள். 1992இல் ரியோவில் கையெழுத்தான ஐ.நா. காலநிலைச் சட்டகத்தில் 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு' என்ற கொள்கை இடம்பெற்றதற்குப் பின்னால் இப்படிப்பட்ட வாதங்களின் பலம் இருந்தது.

அந்தச் சிறுநூலை இன்றும் நாம் மதிப்போடுதான் படிக்கிறோம். ஆனால் ஒரு கேள்வியை அது கேட்காமல் விட்டது. காவிரிப் பாசன நெல் வயலின் மீத்தேன் 'ஏழை விவசாயியின்' மீத்தேன் என்றால், அந்த வயல் யாருடையது? சேற்றில் இறங்கி நாற்று நட்டவர் யார், நெல் யார் களஞ்சியத்துக்குப் போனது? கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காக 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட மண் அது. நாடுகளுக்கிடையே சமபங்கு கேட்ட வாதம், நாட்டுக்குள் வந்தபோது ஊருக்கும் சேரிக்கும் நடுவே நின்றுவிட்டது. 'இந்தியன்' என்ற சராசரி மனிதனின் வாயுக் கணக்கில் குளிர்சாதன அறையில் இருப்பவரும், களத்துமேட்டில் நிற்பவரும் ஒரே எண்ணாகிவிடுகிறார்கள்.

1997 டிசம்பரில் கியோட்டோ நெறிமுறை. 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து சராசரியாக 5 சதவீதத்துக்குச் சற்றுமேல் குறைக்க வேண்டும் என்று பணக்கார நாடுகளுக்கு மட்டும் கட்டாயம். அமெரிக்க செனட் அதற்கு முன்பே, அந்த ஜூலையில், இந்தியா, சீனா போன்ற நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத ஒப்பந்தத்தை ஏற்க மாட்டோம் என்று 95-0 வாக்கில் தீர்மானம் போட்டுவிட்டது. கையெழுத்திட்ட அமெரிக்கா கடைசிவரை ஒப்புதல் தரவில்லை. 2005இல்தான் அந்த நெறிமுறை நடைமுறைக்கே வந்தது. அதிலிருந்த 'தூய்மை மேம்பாட்டு வழிமுறை' என்பது ஒரு சந்தை: பணக்கார நாடு இங்கே ஒரு திட்டத்துக்குப் பணம் கொடுத்து, குறைந்த வாயுவைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். நம் ஊரில் காற்றாலை முதலாளிகளுக்கும் குளிர்பதன வாயு ஆலைகளுக்கும் இதில் வருமானம். கொஞ்சம் திறமையாக எரிக்கும் நிலக்கரி மின் நிலையங்கள்கூட 'தூய்மை' வரிசையில் சேர்க்கப்பட்டன. விறகடுப்பு ஊதும் பெண் எந்த வாயுவையும் விற்க முடியவில்லை.

2001 ஆகஸ்டு, செப்டம்பரில் டர்பனில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு நடந்தது. நம் தலைவர்களும் தோழர்களும் பெருந்திரளாகப் போய், சாதியையும் அங்கே பேச வேண்டும் என்று போராடினார்கள். சாதி உள்நாட்டு விவகாரம், அதைப் பன்னாட்டு மேடைக்குக் கொண்டுவரக் கூடாது என்று இந்திய அரசு குறுக்கே நின்றது. அடுத்த ஆண்டு, 2002 அக்டோபரில், டெல்லியிலேயே காலநிலை மாநாடு. அங்கே ஏழைகளின் வளர்ச்சியுரிமை பற்றி நெஞ்சுருகப் பேச்சு. ஒரு மேடையில் நாம் இல்லவே இல்லை. இன்னொரு மேடையில் நாமே கேடயம்.

இதைக் கணக்காகக் காட்டியது 2007இல் கிரீன்பீஸ் இந்தியா வெளியிட்ட 'ஏழைகளின் பின்னால் ஒளிதல்' என்ற அறிக்கை. மாதம் 30,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர், 3,000 ரூபாய்க்குக் கீழ் உள்ளவரைப் போல நாலரை மடங்கு கரியமில வாயு வெளியிடுகிறார் என்றது அது. நாட்டின் தலைவீத அளவு குறைவாக இருப்பது நாம் குறைவாக வாழ்வதால்தான். அந்த அறிக்கையும் வருமானத்தோடு நின்றது, சாதிவாரியாகக் கணக்கிடவில்லை.

இனி பாரிஸ். 2015 டிசம்பர் 12. கட்டாயக் குறைப்பு போய், ஒவ்வொரு நாடும் தானாகச் சொல்லும் உறுதிமொழி வந்தது. அதன் முகவுரையில் மனித உரிமை, தொல்குடி மக்கள், புலம்பெயர்ந்தோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் என நீண்ட பட்டியல் உண்டு. சாதி என்ற சொல் இல்லை. 'தொல்குடி மக்கள்' என்ற சொல்லாவது பச்சைமலைக்குப் பொருந்துமா? 2007இல் தொல்குடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு ஐ.நா.வில் ஆதரவாக வாக்களித்த இந்தியா, விடுதலையின்போது இருந்த இந்திய மக்கள் அனைவருமே தொல்குடிகள்தான் என்றும் சேர்த்துச் சொன்னது. எல்லோரும் தொல்குடி என்றால் யாரும் தொல்குடி இல்லை. ஒப்பந்தம் கொடுத்த உரிமையை ஒரு விளக்கத்தில் கரைத்துவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் அந்த 250-300 கோடி டன். இந்திய வன அளவைத் துறையின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் 10 சதவீதம் மர நிழல் இருந்தால் அது வனப் போர்வை. நிலம் யாருடையது, அதில் நிற்பது தேக்கா தென்னையா என்ற கேள்வி இல்லை. மலையாளி விவசாயி வைத்த முந்திரித் தோப்பும் அந்தக் கணக்கில் ஏறிவிடலாம். மரம் அரசின் கணக்கில் ஏற ஒரு செயற்கைக்கோள் படம் போதும். அதை வைத்தவர் தன் நிலத்துக்கு உரிமை கேட்டால்?

2006இல் வந்த வன உரிமைச் சட்டம் அந்த உரிமையைத்தான் ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு, தன் அனுமதியின்றிப் பட்டா வழங்கக் கூடாது என்றது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கும்வரை எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. 2019 பிப்ரவரி 13 அன்று, கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொன்னது அதே உச்ச நீதிமன்றம். நாடு முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் தலைமேல் அந்தக் கத்தி தொங்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் 28ஆம் தேதி நிறுத்தி வைத்தார்கள். இதற்கிடையே 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், வனம் மற்றும் மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்தப் போகிறது. மரம் நடுவதை யார் எதிர்ப்பார்? எந்த நிலத்தில், யாரைக் கேட்டு என்பதை மட்டும் நாம் கேட்கிறோம். புறம்போக்கு என்று பதிவேட்டில் இருப்பதில் எத்தனை சேரியின் சுடுகாடு, மேய்ச்சல், களம் என்று நமக்குத் தெரியும்.

மலையிலிருந்து கீழே பார்த்தால் இன்னொரு சிக்கல். திருவெறும்பூரில் 1965இல் செக்கோஸ்லோவாக்கியா உதவியுடன் உற்பத்தியைத் தொடங்கிய பெல் ஆலை, நாட்டின் நிலக்கரி மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்கிறது. 2021இல் கிளாஸ்கோவில், நிலக்கரியை 'ஒழிப்பது' என்ற சொல்லைக் கடைசி நேரத்தில் 'குறைப்பது' என்று மாற்ற வைத்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2070இல் நிகரச் சுழியம் என்று அறிவித்ததும் அங்கேதான். நிலக்கரி போகத்தான் வேண்டும். ஆனால் பெல், நெய்வேலி, பொன்மலை ரயில்வே பணிமனை போன்ற பொதுத்துறைகளில்தான் இடஒதுக்கீட்டின் வழியே நம் முதல் தலைமுறை நிரந்தரச் சம்பளம் பார்த்தது. காற்றாலையும் சூரியப் பூங்காவும் பெரும்பாலும் தனியார் கையில். அங்கே இடஒதுக்கீடு இல்லை. பாரிஸ் முகவுரையில் உழைப்பாளருக்கான 'நியாயமான மாற்றம்' என்று ஒரு வரி உண்டு. அந்த வரிக்கு இந்தியாவில் தனியார் துறை இடஒதுக்கீடு என்றே பொருள் சொல்ல வேண்டும் என்பது நம் கருத்து. சூழலியல் நண்பர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

கிளாஸ்கோவிலேயே, 2030க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைக்கும் உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. நம் மீத்தேன் சிறு விவசாயியின் நெல்லும் மாடும் விடுவது என்ற 1991இன் வாதமே காரணம். ஆனால் திருச்சி அரியமங்கலம் குப்பைக் கிடங்கில் பல பத்தாண்டுகளாகக் குவிந்த குப்பையின் மீத்தேன் எந்த விவசாயியுடையது? நகரமே தின்று எறிந்தது அது. அதைக் கையால் அள்ளியவர்களும், அது தீப்பிடித்தபோது புகையை விழுங்கியவர்களும் யார் என்று தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இழப்புக்கும் சேதத்துக்கும் ஈடு தரும் நிதியம் 2022இல் எகிப்தில் ஒப்புக்கொள்ளப்பட்டு, 2023இல் துபாயில் செயலுக்கு வந்தது. பல்லாண்டுப் போராட்டத்தின் பலன், வரவேற்கிறோம். 2004 சுனாமி நிவாரணத்தில் முகாமிலும் தண்ணீர்த் தொட்டியிலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. அந்தப் பணம் என்றாவது வந்தால் அது இறங்கும் ஊர்களும் இவைதான். சொந்த வீடு, பட்டா, படகு உள்ளவனுக்கே சேதம் பதிவாகும். கூலி இழந்த நாட்களுக்குப் பதிவேடு கிடையாது.

கடைசியாக, வேலை. வன உரிமைச் சட்டத்தில் பட்டியல் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன் நிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். காட்டை நம்பி வாழும் மற்றவர்கள், அதாவது அடிவாரத்துத் தலித்துகள், மூன்று தலைமுறை, 75 ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். கணக்குப் போட்டால் 1930. அன்று நம் பாட்டன்களின் பெயரில் யார் காகிதம் எழுதினார்கள்? ஆனால் சட்டத்தின் விதிகள் காகிதத்தை மட்டும் கேட்கவில்லை. கிணறு, வரப்பு, சுடுகாடு, குலசாமி இடம் ஆகியவையும் சான்று. கோரிக்கையாளர் அல்லாத முதியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வைத்தால் அதுவும் சான்று. இரண்டு சான்றுகள் இருந்தால் கிராம சபை கோரிக்கையை எடுத்துக்கொள்ளலாம். துறையூர்ப் பக்கத்திலும் பெரம்பலூர்ப் பக்கத்திலும் கல்லூரியில் படிக்கும் தோழர்கள் அடுத்த கிராம சபைக்கு முன், அடிவாரச் சேரிகளில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். அந்த வயதுக்காரர்கள் அதிகம் பேர் மிச்சமில்லை.