சிறுவர் பாதசாரிப் பாதுகாப்பு

சாலையோரம் நடக்கும், சாலையைக் கடக்கும், தெருவில் விளையாடும் சிறுவர்களை வாகனங்களிலிருந்து காக்கும் பயிற்சி, சட்டம், சாலை வடிவமைப்பு ஆகியவை சேர்ந்ததே சிறுவர் பாதசாரிப் பாதுகாப்பு. இத்துறை தொடக்கத்தில் சாலைக்கேற்பக் குழந்தையைப் பழக்க முயன்றது. பின்னர் குழந்தைக்கேற்பச் சாலையை மாற்றத் தொடங்கியது.

குழந்தையின் இயல்பு

நின்றிருக்கும் இரண்டு கார்களுக்கு நடுவே நிற்கும் சிறுமிக்கு வருகிற வண்டி தெரியாது. ஓட்டுநருக்கும் அவள் தெரியமாட்டாள். வண்டியின் வேகத்தையும் தொலைவையும் சேர்த்துக் கணிக்கும் திறன் சிறு வயதில் முதிர்ந்திருக்காது. பந்து உருண்டால் கவனமெல்லாம் பந்தின்மேல்தான். போக்குவரத்துக்கு ஏற்பச் சிறு குழந்தைகளை முழுமையாகப் பழக்கிவிட முடியாது என்று சுவீடன் உளவியலாளர் ஸ்டீனா சாண்டெல்ஸ் 1960களின் ஆய்வுகளில் வலியுறுத்தினார். நடை பழகும் குழந்தைகளுக்கு வீட்டு வாசலில் பின்னோக்கி வரும் வண்டியும் பேராபத்து. வண்டியை எடுக்குமுன் சுற்றிவந்து பார்ப்பது அவசியம்.

பயிற்சி

பள்ளி அருகே வண்டிகளை நிறுத்திச் சிறுவர்களைக் கடக்கவிடும் காவலர்களுக்கு பிரிட்டன் 1953இல் சட்ட அதிகாரம் அளித்தது. அங்கே 1961இல் தொடங்கிய டஃப்டி கிளப், ஓர் அணில் பாத்திரத்தைக் கொண்டு சின்னஞ்சிறுவர்களுக்குச் சாலை விதிகளைக் கற்பித்தது. இருபுறமும் நன்றாகத் தெரியும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, சாலைக்கு இறங்குமுன் நின்று, பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, வண்டி இல்லாதபோது ஓடாமல் நேராகக் கடப்பதே அடிப்படைப் பாடம். இந்தியா, இலங்கை போல வண்டிகள் இடப்புறம் செல்லும் நாடுகளில் முதலில் வலப்பக்கம் பார்க்க வேண்டும். இதை உண்மையான தெருவில், பெரியவர் கைப்பிடியில், திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டும். வகுப்பறைப் பாடம் மட்டும் போதாது.

சாலையை மாற்றுதல்

நெதர்லாந்தில் 1971இல் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். விபத்தில் மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹோஃப் 1972இல் எழுதிய கட்டுரையிலிருந்து ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற இயக்கம் பிறந்தது. பெற்றோரும் சிறுவர்களும் தெருக்களை மறித்துப் போராடினர். வண்டிகள் நடைவேகத்தில் மட்டுமே செல்லக்கூடிய, சிறுவர் தெரு முழுவதும் விளையாடக்கூடிய ‘வோனெர்ஃப்’ குடியிருப்புத் தெருக்களுக்கு 1976இல் அங்கே சட்ட ஏற்பு கிடைத்தது.

வேகம்

ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒரு நொடி ஆகிறது என்று கொள்வோம். அதற்குள் 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடும். உலர்ந்த சாலையில் 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஏறத்தாழ அதே தொலைவுக்குள் முழுவதுமாக நின்றே விடும். மக்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் 30 கி.மீ.யே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் சாலைப் பாதுகாப்பு குறித்த ஸ்டாக்ஹோம் அறிக்கை கோரியது இதனால்தான்.

பொறுப்பு

சாலைச் சாவு எதையும் ஏற்க முடியாது என்ற ‘பூஜ்ய இலக்கு’க் கொள்கையை சுவீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்றது. மனிதர் தவறுவது இயல்பு. அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைப்பது அதை உருவாக்குவோரின் கடமை என்பது அதன் அடிப்படை. தவறு செய்தே கற்கும் வயதினரான குழந்தைகளுக்கு இந்தக் கொள்கை மற்ற எவரையும்விட அதிகம் தேவை.