சிரிக்கச் சொல்லி எழுதிய பாட்டு

1978 மே மாதம் நியூயார்க்கின் பிராட்வே அரங்கு ஒன்றில் 'எய்ன்ட் மிஸ்பிஹேவிங்' மேடையேறியது. மூன்று மாதங்களுக்கு முன் ஒரு சின்ன காபரே அறையில் தொடங்கிய நிகழ்ச்சி. கதை கிடையாது. ஒரு பியானோ, சிறு வாத்தியக் குழு, ஐந்து கறுப்பினப் பாடகர்கள். ஃபேட்ஸ் வாலர் எழுதியதும் பாடிப் பிரபலமாக்கியதுமான பாட்டுகள். 'ரெவ்யூ' என்கிற இந்த வடிவத்தை நாடகம் என்று ஒப்புக்கொள்ள நான் தயங்கியவன். 1600 தடவைக்கு மேல் நடந்தது, டோனி பரிசு பெற்றது என்பதெல்லாம் எனக்கு அத்தாட்சி அல்ல. என் அபிப்பிராயத்தை மாற்றியது அதிலுள்ள ஒரே ஒரு பாட்டு.

வாலர் 1904இல் பிறந்தவர். 1943 டிசம்பரில் ரயில் பயணத்தில், நிமோனியாவில் இறந்தார். பருத்த உடம்பு, சாய்ந்த தொப்பி, பாடுகிற பாட்டையே பாதியில் கேலி செய்யும் குரல். 1929இல் பணமுடையில் தம் பாட்டுகள் பலவற்றின் உரிமையை மொத்தமாக 500 டாலருக்கு விற்றார். பேரேடு எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்தத் தொகை மறப்பதில்லை. நிகழ்ச்சிக்குத் தலைப்பான பாட்டும் அந்த மூட்டையில்தான் போயிற்று.

அதே வருஷம் 'ஹாட் சாக்லெட்ஸ்' என்ற ரெவ்யூவுக்காகப் பிறந்தது 'பிளாக் அண்ட் ப்ளூ'. இசை வாலரும் ஹாரி புரூக்ஸும். சொற்கள் ஆண்டி ரஸாஃப். தலைப்பு தோலின் நிறத்தையும், அடிபட்டுக் கன்றிய உடம்பையும் ஒருசேரச் சொல்வது. கறுத்த பெண் தன் நிறத்தை நொந்துகொள்ளும் வேடிக்கைப் பாட்டு வேண்டும் என்று, நிகழ்ச்சிக்குப் பணம் போட்ட தாதா டச் ஷுல்ட்ஸ் துப்பாக்கியைக் காட்டிக் கேட்டதாக ஒரு கதை. துப்பாக்கியை நம்பாவிட்டாலும் பாதகமில்லை; பாட்டின் அமைப்பே அதைக் காட்டிக்கொடுக்கிறது. தொடக்கம் கேட்டபடியே இருக்கிறது: வெளுத்த தோலைத் தேடிப் போகும் ஆண்கள், தனியே நிற்கும் பெண். பல்லவிக்கு வந்ததும் ரஸாஃப் கேட்காத இடத்துக்குப் போய்விடுகிறார். எடித் வில்சன் மேடையில் பாடினார். அந்த ஜூலையிலேயே லூயி ஆர்ம்ஸ்ட்ராங் தொடக்கத்தை வெட்டிவிட்டு இசைத்தட்டில் பாடினார். ஒருத்தியின் புலம்பல் ஓர் இனத்தின் கேள்வியாயிற்று. 1952இல் ரால்ஃப் எலிசன் அந்த இசைத்தட்டைத் தம் 'இன்விசிபிள் மேன்' நாவலின் முகப்பிலேயே சுழலவிட்டார்.

1978 நிகழ்ச்சியில் இந்தப் பாட்டு கடைசிப் பகுதியில் வருகிறது. அதுவரை குடி, கும்மாளம், கண்சிமிட்டல். திடீரென்று ஐந்து பேரும் அடங்கி, மெதுவாக, சேர்ந்து பாடுகிறார்கள். கதை இருந்திருந்தால் இது யாரோ ஒரு பாத்திரத்தின் துக்கமாகி இருக்கும். பரிதாபப்பட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். இங்கே துக்கத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு இவ்வளவு நேரம் எதற்குச் சிரித்தோம் என்று சபை யோசிக்க வேண்டியதாகிறது.

யோசிக்கக் கொடுத்த அவகாசம்தான் போதாது. உடனே வாலர் பிரபலமாக்கிய பிறர் பாட்டுகளின் கதம்பம், மறுபடி சிரிப்பு. விளம்பரத்திலும் வாலர் பெயரே பெரிதாக நின்றது. ரஸாஃப் 1973 வரை உயிரோடிருந்தார். இன்னும் ஐந்து வருஷம் இருந்திருந்தால், தம் சொற்களை அந்த ஐந்து பேர் பாடக் கேட்டிருப்பார்.