'தாமே' என்னும் எபிரேய வினையும் தமிழில் 'தீட்டு'ம்

கேரளத்தின் தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்த இடமலைக்குடியில் வாழும் முதுவர், மாதவிலக்கு நாள்களில் பெண்கள் ஒதுங்கியிருக்கும் குடிலை 'வாலாய்மப்புரை' என வழங்குவர். இச்சொல்லின் முற்பகுதி தமிழ் 'வாலாமை'யே. 'வால்' என்பது தூய்மை. அது எதிர்மறை ஏற்றுத் தூயதாகாமையைக் குறித்தது. பெருவழக்கான 'தீட்டு' என்பதோ 'தீண்டு' என்னும் வினையடியாகப் பிறந்தது. முன்னது ஒன்றன் இன்மையையும் பின்னது தொடுகையையும் சுட்டுகின்றன. விவிலிய எபிரேயத்தின் 'தாமே' இவ்விரண்டிலும் அடங்குவதன்று. தூய்மையைக் குறிக்கும் 'தாஹேர்' என்பதன் எதிர்மறை வடிவாக அமையாமல், அது தனி வேராகவே நிற்கிறது.

'கால்' என்னும் அடிப்படை வடிவில் இது நிலைவினை. 'தீட்டாயிரு, தீட்டாகு' எனப் பொருள்படும். 'நிஃபால்', 'ஹித்பயேல்' வடிவங்களில் தன்னைத் தீட்டுப்படுத்திக்கொள்ளுதலைக் குறிக்கும். காரண வினைக்குரிய 'ஹிஃபில்' வடிவம் விவிலியத்தில் இவ்வேருக்கு இல்லை. அப்பணியை 'பியேல்' வடிவமாகிய 'திம்மே' ஏற்கிறது. தமிழின் 'தீட்டுப்படு - தீட்டுப்படுத்து' என்னும் இணை இவற்றுக்கு ஓரளவு பொருந்துவது மொழிபெயர்ப்பாளர்க்கு வாய்த்த நற்பேறு எனலாம்.

சீகன்பால்கு தொடங்கி வைத்த பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு பப்ரிசியசு வழியாக வளர்ந்து, பவர் தலைமையிலான குழுவின் 1871ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நிலைபெற்றது. அதன் லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தில் உண்ணத்தகாத விலங்கு 'அசுத்தம்' எனப்படுகிறது; அதன் பிணத்தைத் தொட்டவன் 'தீட்டுப்படுகிறான்'. எபிரேயத்தில் இரண்டும் ஒரே வேர். எனினும் இப்பிரிப்பைப் பிழையென்று தள்ளுதல் இயலாது. உயிருள்ள ஒட்டகத்தைத் தொடுவதால் எவர்க்கும் தீட்டில்லை. பிணத்தைத் தொட்டாலே உண்டு. தொடுகையில் பிறந்த தமிழ்ச்சொல் தொடுகைக்குரிய இடத்திலேயே நின்றது.

சிக்கல் 13ஆம் அதிகாரத்தில் எழுகிறது. நோயுற்றவனைப் பார்வையிட்ட ஆசாரியனின் செயலை எபிரேயம் 'திம்மே' என்னும் ஒரே வினையால் கூறுகிறது. ஈண்டு அதன் பொருள் 'தீட்டுப்படுத்து' என்பதன்று. 'தீட்டு என அறிவி' என்பதாகும். தமிழ் இதனைத் 'தீட்டுள்ளவன் என்று தீர்' எனப் பிரித்துரைக்கிறது. 'என்று' என்னும் இடைச்சொல் புகுந்ததும், முன்பே இருந்த ஒன்றை ஆசாரியன் கண்டு கூறியதாகப் பொருள் மாறுகிறது. ஆனால் 14:36 வேறொன்றை உணர்த்துகிறது. ஆசாரியன் பார்க்க வருமுன் வீட்டுப் பொருள்களை வெளியேற்றிவிட்டால் அவை தீட்டாவதில்லை. அங்குத் தீட்டு அவன் சொல்லோடு தொடங்குகிறது. அறிவித்தலும் ஆக்குதலும் எபிரேயத்தில் ஒரே வடிவம் பெற்றது தற்செயல் ஆகாது.

தீனாளின் வரலாற்றில் (ஆதியாகமம் 34) இச்சொல்லின் சுமை மிகுதி. சீகேமின் வன்செயலை 2ஆம் வசனம் 'இன்னா' என்னும் வேறொரு வினையால், ஒடுக்குதல் என்ற பொருளில், கூறுகிறது. 'திம்மே' வருவன 5, 13, 27ஆம் வசனங்கள். அவை தந்தையும் உடன்பிறந்தாரும் அச்செயலை எதிர்கொள்ளும் இடங்கள். 5ஆம் வசனத்தில் 'தீட்டுப்படுத்து' என்று படிக்கும் தமிழ் வாசகர் மனத்தில் மாதவிலக்கும் தீண்டாமையும் உடன் எழுகின்றன. கறை செய்தவனை விட்டுப் பெண்மேல் படிகிறது. இங்குக் 'களங்கப்படுத்து' என்பது அச்சுமையைச் சற்றே குறைக்கும். ஆயின், லேவியராகமத்தோடு உள்ள வேரொற்றுமை அதனால் மறைந்துவிடும்.