பம்பாய்ப் பஞ்சாலைகளில் ‘பத்லி’: ஒரு சொல்லும் தொழிற்சங்க வரலாறும்

தொழிலாளர் சட்டங்களைத் தமிழாக்குவோர்க்கு இடர் தரும் சொற்களுள் ‘பத்லி’ ஒன்று. மாற்று, ஈடு என்னும் பொருளுடைய ‘பதல்’ என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது இது. தமிழில் ‘பதில்’ என வழங்குவதும் அதே சொல்லின் வடிவமே. ‘அவருக்குப் பதிலாக’ என்னும் வழக்கில் அதன் மூலப்பொருள் இன்றும் சிதையாமல் உள்ளது. மராத்தியிலும் இந்தியிலும் அரசு அலுவலர் ஒருவருக்குப் பத்லி என்றால் பணியிட மாற்றத்தைக் குறிக்கும். பஞ்சாலை வாயிலில் அது ஓர் ஆளைக் குறித்தது: வேலைக்கு வராத ஒருவருக்கு ஈடாக அன்றைக்கு மட்டும் உள்ளே அழைக்கப்படுபவர். இதனைத் ‘தற்காலிகத் தொழிலாளி’ என்று பெயர்ப்பது பொருந்தாது. தற்காலிகத் தொழிலாளிக்குச் சில நாள்களேனும் தனக்கென ஒரு வேலை உண்டு. பத்லி செய்வதோ பிறர் வேலை. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் தம் சங்கங்களால் பெற்றவற்றையும் பெறாதவற்றையும் ஒருங்கே காண்பதற்கு இச்சொல் தக்க வாயிலாகும்.

பம்பாயின் முதற்பஞ்சாலை 1854இல் திட்டமிடப்பட்டு 1856இல் இயங்கத் தொடங்கியது. கொங்கணக் கடற்கரையிலிருந்தும் சாத்தாரா முதலிய தக்காணப் பகுதிகளிலிருந்தும் ஆள்கள் வந்து சேர்ந்தனர். அவர்களை ஆலைக்குள் சேர்த்தவர், வேலை வாங்கியவர், நீக்கியவர் ஆகிய மூவரும் ஒருவரே. ஆங்கில ஆவணங்கள் அவரை ‘ஜாபர்’ என்றன. தொழிலாளர் ‘முக்காதம்’ என்றனர். கல்கத்தாச் சணலாலைகளில் ‘சர்தார்’ என்றும், தென்னாட்டில் ‘மேஸ்திரி’, ‘கங்காணி’ என்றும் வழங்கியோர் இவருக்கு இனமானவர்கள். ஊருக்குச் செல்லும் தொழிலாளியின் இடத்தில் எவரை நிறுத்துவது என்பதும் ஜாபரின் கையில் இருந்தது. அதற்கு அவர் ‘தஸ்தூரி’ பெற்றுக்கொள்வது வழக்கம். எனினும் பத்லி முறையைச் சுரண்டலாக மட்டும் கருதிவிட இயலாது. விதைப்புக்கும் அறுவடைக்கும் ஊர் சென்ற அண்ணனின் தறியைத் தம்பி காத்து நின்றதும், அவ்வழியே தொழில் கற்றுப் பின்னர்த் தனக்கென ஓரிடம் பெற்றதும் உண்டு.

நாராயண் மேகாஜி லோகாண்டேயின் ஆலைத் தொழிலாளர் சங்கத்திற்கு உறுப்பினர் பட்டியலோ நிதியோ இல்லை. இருந்தும் 1890இல் வார விடுமுறை கிடைத்ததில் அவருடைய முயற்சிக்குப் பெரும்பங்கு உண்டு. பேரளவிலான சங்கம் 1928இல்தான் உருவாயிற்று. ஒரே நெசவாளி கூடுதல் தறிகளைப் பார்க்க வேண்டும் என்னும் சீரமைப்புத் திட்டம் ஆள்குறைப்பில் முடியும் என்று அஞ்சிய ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர், அவ்வாண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வேலைநிறுத்தம் செய்தனர். அப்போராட்டத்தில் தோன்றியதே கிர்ணி காம்கார் சங்கம். ஆனால் அதே வேளையில் அம்பேத்கர் எழுப்பிய வினாவைச் சங்க வரலாறுகள் பல விரைந்து கடந்துவிடுகின்றன. கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்கள் சேர்க்கப்படவில்லை. நூல் அறுந்தால் தறிநாடாவில் வாய்வைத்து உறிஞ்சி நூலைக் கோக்க வேண்டும் என்பதால் ‘தீட்டு’ என்பது காரணமாகக் காட்டப்பட்டது. அத்தடையை விதித்தவர்கள் முதலாளிகள் மட்டுமல்லர். உடன் உழைத்தவர்களும் ஆவர். சங்கம் காக்க முனைந்த வேலை, எல்லார்க்கும் திறந்திருந்த வேலையாக இல்லை.

1931இல் வெளிவந்த விட்லி ஆணைய அறிக்கை, ஆள்சேர்ப்பிலும் நீக்கத்திலும் ஜாபருக்கு இடமிருத்தல் கூடாது என்றது. 1935இல் ஆலை உரிமையாளர் சங்கம் பத்லிக் கட்டுப்பாட்டு முறையைக் கொண்டுவந்தது. மாதத் தொடக்கத்தில் குறிப்பிட்ட தொகையினர்க்கு அட்டைகள் வழங்கப்பட்டன. அட்டை உடையோர் நாள்தோறும் காலையில் வாயிலில் வந்து நிற்க வேண்டும். இவ்வாறு ஜாபரின் தயவு குறைந்தது. காத்திருத்தல் ஒரு பதிவேட்டு முறையாயிற்று.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953இல் சேர்க்கப்பட்ட பகுதி, ஆங்கிலச் சட்டத்துக்குள்ளேயே ‘பத்லி’ என்னும் சொல்லை அமைத்துக்கொண்டது. பணிப்பதிவேட்டில் பெயருள்ள மற்றொருவரின் இடத்தில் வேலை செய்பவர் பத்லி. வேலையளிப்பு நிறுத்தப்படும் காலத்துக்குரிய ஈட்டுத்தொகை அவர்க்கு இல்லை. ஓராண்டு தொடர்பணி, அதாவது பன்னிரு மாதத்தில் 240 நாள் வேலை, நிறைந்தால் இப்பிரிவுக்கு அவர் பத்லி ஆகார். அந்த எண் நிறையுமுன் பணியில் செயற்கையாக ஓர் இடைமுறிவை உண்டாக்குதல் இந்தியத் தொழிலகங்களில் அறியப்பட்ட உத்தி. ‘நிரந்தரம்’ என்னும் வடசொல்லுக்கு இடைவெளியற்றது என்பதே சொற்பொருள் என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

சங்கத்தின் நிலையும் சட்டத்தால் மாறியது. 1946ஆம் ஆண்டின் பம்பாய் தொழில் உறவுகள் சட்டப்படி, ஒரு வட்டாரத்தில் ஒரு தொழிலுக்கு ஒரே பிரதிநிதிச் சங்கம்தான். பஞ்சாலைகளில் அத்தகுதி காங்கிரஸ் சார்புடைய ராஷ்டிரிய மில் மஸ்தூர் சங்கத்துக்குக் கிட்டியது. அது செய்துகொண்ட உடன்பாடு, அதனை வெறுத்தவரையும் கட்டுப்படுத்தியது. ஒப்பந்தங்களாலும் தீர்ப்புகளாலும் சீரான கூலி, பஞ்சப்படி, போனஸ் ஆகியவற்றை நிலையான தொழிலாளர் பெற்றனர் என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆயினும் தம் பெயரால் பேசுவோரைத் தாமே தெரிந்தெடுக்கும் உரிமை அவர்கட்கு இல்லை. 1981இல் போனஸ் உடன்பாட்டில் மனம் கசந்த தொழிலாளர் தாமாகவே தத்தா சாமந்தை நாடிச் சென்றதற்கு இதுவே காரணம் எனலாம்.

1982 சனவரி 18ஆம் நாள் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் ஈடுபட்டனர். கூலி உயர்வு, பத்லிகளை நிலைப்படுத்தல், 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கல் ஆகியன முதன்மையான கோரிக்கைகள். மராத்தியில் வேலைநிறுத்தத்துக்கு ‘ஸம்ப்’ என்று பெயர். அண்டை மொழியான குஜராத்தியில் அதே சொல் ஒற்றுமையைக் குறிக்கும். தமிழ்த் தொடர் நிறுத்தத்தைச் சுட்ட, மராத்திச் சொல் கூடுதலைச் சுட்டுகிறது. இவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்பில் கொணர வழியில்லை. பலர் ஊருக்குத் திரும்பி நிலத்தை நம்பிக் காத்திருந்தனர். முறைப்படி முடிக்கப்படாமலே அப்போராட்டம் தேய்ந்தது. 1983இல் 13 ஆலைகளின் நிர்வாகத்தை நடுவணரசு ஏற்றது. நிலையான தொழிலாளரும் பத்லிகளுமாக ஒரு லட்சம் பேர் அளவில் வேலையிழந்தனர். மீண்டும் சேர்க்கப்பட்டோர், பழைய சங்கத்தின் உடன்பாடுகளுக்கு உட்பட்டே திரும்பினர்.

1991இல் ஆலை நிலங்களை விற்க விதிகள் இடமளித்தன. பின்னர், அந்நிலத்தின் ஒரு பகுதியில் முன்னாள் தொழிலாளர்க்கு வீடு கட்டித் தரப்பட்டது. 2012இல் குலுக்கல் தொடங்கியது. 1982 சனவரி முதல் நாளிலோ அதன் பின்னரோ பணிப்பதிவேட்டில் பெயர் இருந்தோர்க்கே விண்ணப்பிக்கும் தகுதி. முப்பதாண்டுக்கு முந்திய அடையாள அட்டையையும் வைப்புநிதிச் சான்றையும் தேடி முதியோரும் கைம்பெண்டிரும் அலைந்தனர். 2020இல் இயற்றப்பட்ட தொழில் உறவுச் சட்டத்தொகுப்பிலும் ‘பத்லி’ மொழிபெயர்க்கப்படாமலே நிற்கிறது.