அக்குள் நிணநீர்க் கணுக்கள் (மார்பகப் புற்றுநோய்)
மார்பகத்தின் நிணநீரில் பெரும்பகுதி அக்குள் கணுக்களுக்கே வடிகிறது; பரவும் புற்றணுக்கள் பெரும்பாலும் முதலில் தங்குவதும் அங்கேதான். அகற்றிய கணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, 1 முதல் 3 கணுக்களில் நோய் இருந்தால் என்1, 4 முதல் 9 வரை என்2, 10-க்குக் குறையாவிட்டால் என்3 எனக் குறிப்பர். 0.2 மி.மீ.க்கு மேற்படாத திட்டுகள் நோய்ப்பரவல் எனக் கணக்கிடப்படுவதில்லை. அதற்கு மேல் 2 மி.மீ. வரை நுண்பரவல். அக்குளில் நோய் என்றதுமே நான்காம் நிலை என்று கலங்குவோர் உண்டு. அது தவறு: எலும்பு, நுரையீரல், கல்லீரல் போன்ற தொலைவிடங்களை எட்டினால்தான் நான்காம் நிலை.

முன்பு அக்குள் கணுக்களை ஒட்டுமொத்தமாக அகற்றுவதே வழக்கம். அதன் விலை, சிலருக்கு ஆயுள் முழுதும் நீடித்த கைவீக்கம். 1990-களில் காவல் கணுச் சோதனை வந்தது. மார்பகத்தில் நீலச் சாயமோ டெக்னீசியம்-99எம் கலந்த கதிரியக்கக் கூழ்மமோ செலுத்தி, அது முதலில் சென்றுசேரும் சில கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். நீலமேறிய கணு கண்ணுக்கே தெரியும். கதிரியக்கம் ஏறியதைக் கையடக்கக் கருவி ஒலியெழுப்பிக் காட்டும். 2011-இல் வெளியான இசட்0011 ஆய்வு இன்னும் ஒரு படி போனது: சிறிய கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு பெறுவோருக்கு, ஒன்றிரண்டு காவல் கணுக்களில் நோய் இருந்தாலும், எஞ்சியவற்றை அகற்றுவதால் ஆயுள் கூடவில்லை.