தொட்டியில் செத்த மண்புழுக்கள்

மழை விட்ட ஒரு காலையில் வரப்போரம் நெளிந்த மண்புழுக்களைப் பிடித்து வந்து, காய்கறித் தோல் நிரப்பிய தொட்டியில் விட்டேன். பத்தே நாளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எங்கே தவறினேன் என்று தேடப்போய் சார்லஸ் டார்வினிடம் வந்து நின்றேன்.

1837-இல் அவருக்கு வயது 28. புல்வெளியில் முன்பு தூவிய சுண்ணாம்பும் கரித்துண்டுகளும் மண்ணுக்குள் புதைந்திருப்பதைக் காட்டி, இது மண்புழுக்களின் வேலையாக இருக்கும் என்றார் அவருடைய மாமா ஜோசையா வெட்ஜ்வுட். டார்வின் அதை விடவேயில்லை. வீட்டிலேயே தொட்டிகளில் புழு வளர்த்தார். பக்கத்தில் பியானோ வாசித்தால் அவை அசையவில்லை. தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து வாசித்ததும் அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடின. 1881-இல், 72 வயதில், மண்புழுக்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். இங்கிலாந்தில் பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேல் மண் புழுக்களின் வயிற்றுக்குள் போய் வருகிறது என்று அதில் கணக்கிட்டார். அடுத்த ஏப்ரலில் காலமானார்.

அவை மண்ணைத் தின்று வளை தோண்டுபவை. நான் பிடித்தவையும் அந்த வகைதான். மண்ணே இல்லாமல், அழுகிச் சூடேறும் தோல் குவியலில் அவை எப்படிப் பிழைக்கும்? தொட்டிக்கு ஏற்றவை, மேலாக மக்கும் குப்பையிலும் சாணத்திலும் வாழும் சிவப்புப் புழுக்கள். ஐசீனியா ஃபெட்டிடா அப்படிப்பட்டது. அதை வீட்டுப் பெட்டியில் வளர்க்க, அமெரிக்காவின் மேரி ஆப்பல்ஹாஃப் 1982-இல் நூல் எழுதிப் பலருக்குக் கற்றுக்கொடுத்தார். நம் நாட்டுப் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸும் அதே குணமுடையது.

44 ஆண்டுகள் பொறுமையாகப் பார்த்தவர் டார்வின். பிடிக்கும் முன் நான் ஒரு நாளாவது பார்த்திருக்கலாம்.